எப்பம்மா சேருவாங்க?

போன மாதம் இந்தப் பக்கத்தின் அடியில் ‘சீரியல் குடும்பங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று ஒரு வரி போட்டார்கள். ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. தபால் கார்டு, இன்லேண்டு, வாட்ஸ்அப்பில் வந்ததை அலுவலகத்தில் அச்செடுத்த தாள் எல்லாம் கலந்து கிடந்தன. சாப்பாட்டு மேஜையில் கொட்டிப் பிரித்தேன். கேள்வி அநேகமாக ஒன்றுதான். அவங்க ரெண்டு பேரும் எப்பம்மா சேருவாங்க?

என்னிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2001 முதல் 2015 வரை சீரியல்களுக்கு வசனம் எழுதியவள் நான். பிரித்ததிலும் எனக்குப் பங்கு உண்டு, சேர்த்ததிலும் உண்டு. இப்போது எழுதுவதில்லை, பார்ப்பதோடு சரி.

எழுதியவர்களின் பெயரை இந்த முறை போடவில்லை, ஊர் மட்டும்தான். ‘எங்க மாமியார் வீட்டிலும் இந்தப் புத்தகம் வாங்குறாங்க’ என்று மூன்று பேர் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள்.

திண்டுக்கல்லில் இருந்து: அக்கா, ஒரு போன் போட்டுக் கேட்டால் தீர்ந்துபோகிற விஷயம். அண்ணன் சொன்னதைத் தம்பி பாதி கேட்டுவிட்டுப் போய்விடுகிறான். அதற்கு முந்நூறு எபிசோடா? ஒரே தெருவில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு பிரஷர் ஏறுகிறது.

அந்தப் ‘பாதி கேட்டுவிட்டுப் போவதை’ நானே ஏழெட்டு முறை எழுதியிருக்கிறேன். கதவுக்குப் பின்னால், மாடிப்படியில், ஒரு தடவை ஏ.டி.எம். வாசலில். முதலில் என்னை மன்னித்துவிடுங்கள்.

காரணம் கதை மட்டும் இல்லை. சண்டை போட ரெண்டு பேர் போதும். அண்ணனுக்கு ஒரு நாள், தம்பிக்கு ஒரு நாள் என்று தேதி வாங்கி, தனித்தனியாகக்கூட எடுத்துவிடலாம். அண்ணன் முறைப்பது வளசரவாக்கத்து ஷூட்டிங் வீட்டில் திங்கட்கிழமை, தம்பி பதிலுக்கு முறைப்பது வியாழக்கிழமை. உங்களுக்கு டி.வி.யில் ஒரே கூடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனால் சமாதானம் என்று வந்துவிட்டால் மொத்த வீடும் கூடத்தில் நிற்க வேண்டும். அம்மா, அப்பா, அத்தை, ரெண்டு மருமகள், சித்தப்பா, ஒன்றும் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரி வரை. இதற்குத் தொழிலில் ‘காம்பினேஷன்’ என்று பெயர். பதினாலு பேரின் தேதி ஒரே நாளில் சிக்க வேண்டும். ஒருவருக்கு ஹைதராபாத்தில் ஷூட்டிங், இன்னொருவருக்கு வீட்டில் விசேஷம், மூன்றாமவர் சம்பளம் பாக்கி என்று போனை எடுக்க மாட்டார். நான் எழுதிய ஒரு தொடரில் அண்ணன் தம்பி சேர்வது தீபாவளிக்கு என்று முடிவானது. அப்பா வேஷக்காரருக்குக் கண் ஆபரேஷன். பொங்கலுக்குப் போனது. பொங்கலுக்குள் தம்பி பெண்டாட்டிக்குச் சினிமா வாய்ப்பு வந்துவிட்டது. கடைசியில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு கார்டு போட்டு, வேறு ஒரு பெண்ணோடு தம்பி வீட்டுக்குள் நுழைந்தான். அண்ணன் கட்டிப் பிடித்து அழுதது போன வாரம் வரை பார்த்தே இராத ஒரு தம்பி மனைவியின் முன்னால்.

அந்தப் ‘பாதி கேட்டுவிட்டுப் போவதை’ நான் இன்னும் நியாயப்படுத்தவில்லை. அது சோம்பேறித்தனம்தான். வாரம் ஆறு எபிசோட், எபிசோடுக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம். காலையில் செட்டில் கேமரா வைத்துவிட்டு ‘மேடம், ஸ்கிரிப்ட் எங்கே’ என்று போன் வரும்போது, புதிய காரணத்தை யோசிப்பதைவிடக் கதவுக்குப் பின்னால் ஒருவரை நிறுத்துவது சுலபம்.

கோயம்புத்தூரில் இருந்து: எனக்கு வயது 71. ‘பாக்கியலட்சுமி’ ஐந்து வருடமும் விடாமல் பார்த்தேன். பாக்கியாவின் புருஷன் கோபி தப்பு செய்தவன்தான். ஆனால் பட்டுத் திருந்தி வந்துவிட்டான். மாமியார் ஈஸ்வரி அவ்வளவு கெஞ்சியும் பாக்கியா மனம் இரங்கவில்லை. ஒரு பெண்ணுக்கு இவ்வளவு வைராக்கியம் ஆகுமா? சேர்த்து வைத்திருந்தால் குறைந்தா போயிருக்கும்?

அதே கோயம்புத்தூர், அதே தெரு, அதே கதவு எண்: மேடம், கோபியையும் பாக்கியாவையும் சேர்த்து வைக்கச் சொல்லி இந்த வீட்டிலிருந்து ஒரு லெட்டர் வரும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அத்தை. பாக்கியா செய்ததுதான் சரி.

ரெண்டையும் சேர்த்தேதான் போட்டிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் இருவரும்.

அம்மா, 2020 ஜூலையில் அந்தத் தொடர் தொடங்கியபோது எங்கள் வீட்டுக்கு வரும் பூக்காரப் பெண் ஒன்று சொன்னாள். “புருசன் வேற ஒருத்திகூடப் போறதெல்லாம் புதுசா? இவளுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு பெத்த புள்ளைங்களே சிரிக்குது பாருங்க, அதான் எனக்குத் தாங்கல.” நானும் அப்படித்தான் பார்த்தேன். கோபி ராதிகாவோடு போனது பெரிய அடி. ஆனால் அதற்கு முன் இருபத்தைந்து வருடம் தினமும் விழுந்த சின்னச் சின்ன அடிகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. ராதிகாவும் இல்லை என்று ஆன பிறகு திரும்பி வருகிறவரிடம் பாக்கியா எதைத் திரும்பப் பெறுவது?

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அவள் மசாலா வியாபாரம் தொடங்கியபோது மாமியார் பெயரைத்தான் வைத்தாள், ஈஸ்வரி மசாலா. புருஷன் பெயர் இல்லை, தன் பெயரும் இல்லை. ஐந்து வருடமும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறி, தள்ளிப் போய், திரும்ப ஒட்டிக்கொண்ட ஜோடி யார் என்று பாருங்கள். பாக்கியாவும் ஈஸ்வரியும். சேர வேண்டிய ஜோடி அதுதான், பல முறை சேர்ந்தும்விட்டது. நாம் எல்லோரும் கோபியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கதையின் வேர் வங்காளத்தில், ‘ஸ்ரீமோயி’. இந்தியில் ‘அனுபமா’ ஆனது. மராத்தி, மலையாளம், தெலுங்கு என்று எல்லா வீட்டுக்கும் போய் வந்தது. வங்காளத்து ஸ்ரீமோயி மறுமணம் செய்துகொண்டாள். அனுபமாவும் 2022-ல் அனுஜைக் கட்டிக்கொண்டாள். நம் ஊர் பாக்கியாவுக்கு பழனிச்சாமி என்று ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்து நட்பு என்ற அளவோடு நிறுத்திவிட்டார்கள். கோபியோடு சேர்க்கவும் தைரியம் வராது, வேறு ஒருவரோடு சேர்க்கவும் தைரியம் வராது. தமிழ் சீரியல்காரர்களின் கை அங்கே நடுங்கும். என் கையும் நடுங்கியிருக்கும், பொய் சொல்லவில்லை.

கதவு எண்ணை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் ரெண்டு கடிதத்திலும் ஒட்டியிருந்த ஸ்டாம்பு ஒரே தாளிலிருந்து கிழித்தது. கிழிசல் அப்படியே பொருந்துகிறது. மருமகள் வாங்கி வைத்த ஸ்டாம்பை அத்தை எடுத்தாரா, அத்தை கொடுத்தாரா என்று மட்டும் அடுத்த முறை எழுதுங்கள்.

நாகர்கோவிலில் இருந்து: தூங்கும்போது கூட நகை, பட்டுப்புடவை, லிப்ஸ்டிக். ஏன்?

கன்டினியூட்டி, அதாவது அடுத்தடுத்த சீனில் தோற்றம் மாறக் கூடாது. விடிந்ததும் வருகிற சீனை முதலில் எடுத்திருப்பார்கள்.

தஞ்சாவூரில் இருந்து: நான் ஓய்வு பெற்ற தபால்காரன். ஒரு காலத்தில் சென்னை முகவரி போட்டு சீரியல் கதாபாத்திரங்களின் பெயருக்கே கடிதம் போகும். நாங்கள் சிரித்துக்கொண்டே முத்திரை குத்துவோம். அப்படி எழுதினால் கதை உண்மையிலேயே மாறுமா? சேர்த்து வைக்கச் சொல்லி எழுதியவர்களின் ஆசை என்றைக்காவது பலித்திருக்கிறதா?

ஐயா, நீங்கள் முத்திரை குத்தியதில் சில என் மேஜைக்கும் வந்திருக்கும்.

இந்த வழக்கம் பழையது. தூர்தர்ஷனில் 1984 ஜூலையில் தொடங்கிய ‘ஹம் லோக்’தான் இந்தியாவின் முதல் பெரிய குடும்பத் தொடர். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எபிசோட், 1985 டிசம்பரில் முடிந்தது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து நின்று, வீட்டுப் பெரியவர் மாதிரி நாலு வார்த்தை பேசுவார். அந்தத் தொடருக்கு சுமார் நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன என்று பின்னால் அதை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பாகவந்தி என்று ஒரு அம்மா. குடிகாரப் புருஷனுக்கும் மாமியாருக்கும் அடங்கி அடங்கியே தேய்ந்துபோகிறவள். ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டுவதற்காக எழுதிய பாத்திரம். பார்த்தவர்களில் நிறையப் பேர் ‘ஆஹா, பெண் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்’ என்று எடுத்துக்கொண்டார்கள். எழுதுகிறவர் ஒன்று நினைக்க, கூடத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னொன்று நினைப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

பலித்ததா என்று கேட்டீர்கள். பலித்திருக்கிறது. ஸ்டார் பிளஸில் 2000 ஜூலையில் தொடங்கிய ‘க்யோங்கி சாஸ் பி கபி பஹூ தி’யில் துளசியின் கணவன் மிஹிர் விபத்தில் செத்துப்போனான். நாடே ஒப்பாரி வைத்தது. தயாரிப்பாளர்கள் அவனை உயிரோடு கொண்டுவந்துவிட்டார்கள். ரசிகர்கள் ஆசைப்பட்டால் எமனே பின்வாங்கும்போது, அண்ணன் தம்பி சண்டை எம்மாத்திரம்?

ஆனால் பெரும்பாலும் கடிதத்தைவிட எண்தான் பேசும். இப்போது ஒவ்வொரு வியாழக்கிழமையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கிற பார்க் அமைப்பின் டி.ஆர்.பி. வருகிறது. என் காலத்திலும் வாரா வாரம் ஒரு தாள் வரும். ஒரு தொடரில் நாத்தனாரையும் அண்ணியையும் சேர்த்து வைத்தோம். அவ்வளவு கடிதம், அவ்வளவு கெஞ்சல். சேர்ந்தார்கள், ரெண்டு வாரம் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், ஆடிக்கூழ் ஊற்றினார்கள். தாளில் எண் இறங்கிவிட்டது. மூன்றாவது வாரம் தயாரிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, “மேடம், கூழ் போதும். சீட்டுப் பணம் காணாமப் போகட்டும்” என்றார். சேர்த்து வையுங்கள் என்று கடிதம் எழுதிய அதே கைதான், சேர்ந்ததும் ரிமோட்டை எடுத்து வேறு சேனலுக்குப் போனது. குற்றம் சொல்லவில்லை. நானும் அந்த ரெண்டு வாரம் என் தொடரைப் பார்க்கவில்லை.

தேனியில் இருந்து: ‘எதிர்நீச்சல்’ ஆதி குணசேகரன் ஒரு நாள் திருந்தி, வீட்டு மருமகள்களிடம் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். அந்த வேஷத்தில் நடித்த மாரிமுத்து அண்ணன் எங்கள் மாவட்டத்துக்காரர். அவர் இருந்திருந்தால் நடந்திருக்குமா?

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை. அந்தத் தொடருக்காக டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது, போய்விட்டார். அன்று ராத்திரி டி.வி.யைப் போட்டேன். முன்பே எடுத்து வைத்த எபிசோடில் அவர் நடந்து வருகிறார், அதட்டுகிறார். எனக்குப் பார்க்க முடியவில்லை, அணைத்துவிட்டேன்.

அவர் இருந்திருந்தால்? குணசேகரன் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அவர் எப்போதும் அதட்டுகிற அந்த ‘இந்தாம்மா ஏய்’ இருக்கிறதே, அதை ஒரு நாள் கொஞ்சம் இறக்கிச் சொல்லியிருப்பார். குரலில் கால்வாசி குறைந்திருக்கும். நீங்களும் நானும் அதைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் பேசியிருப்போம். அப்படி ஒரு நடிகருக்கு வசனம் எழுதுகிறவன் கொடுத்துவைத்தவன்.

பின்னால் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்தை எடுத்துக்கொண்டார். 2024 கடைசியில் தொடங்கிய இரண்டாம் பாகத்திலும் குணசேகரன் குணசேகரனாகத்தான் இருந்தார். அவர் திருந்தினால் அந்த வீட்டுப் பெண்கள் எதை எதிர்த்து நீந்துவார்கள்? திருத்த வேண்டாம் என்பது என் கட்சி. அந்த மருமகள்கள் நால்வரும் ஒரு நாளும் பிரியக் கூடாது, அதுதான் எனக்கு வேண்டியது.

சிவகங்கை மாவட்டத்தில் இருந்து: ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முதல் பாகத்தில் மாமனார் வீட்டுக்குப் போன ஜீவா மறுபடி அண்ணனோடு சேர்ந்தபோது என் வீட்டுக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். அவர் தன் சொந்த அண்ணனோடு பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. வரப்புத் தகராறு. அண்ணன் வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். டி.வி.யைப் பார்த்து அழத் தெரிந்தவருக்கு எழுந்து நாலு எட்டு வைக்கத் தெரியவில்லையே. எப்படிச் சேர்த்து வைப்பது?

இந்தக் கடிதத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் பதில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் என்னத்துக்கு அழுதார் என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் நான் இத்தனை வருடத்தில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். கடிதங்களில் ‘சேர்த்து வையுங்கள்’ என்று எழுதுவார்கள். விரித்துப் படித்தால் வேறு ஒன்று இருக்கும். ‘அந்த மூத்தவன் வந்து தப்பு என்னுதுன்னு சொல்லணும்.’ ‘எல்லாரும் இருக்கும்போது சொல்லணும்.’ ஒருவர் இடத்தைக்கூடக் குறித்திருந்தார், சாமி ரூமில் இல்லை, கூடத்தில். சேர்வது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘மன்னிச்சிருண்ணே’, ‘என்னை மன்னிச்சிரும்மா’ என்று நான் எத்தனை தாள் எழுதியிருப்பேனோ. செட்டில் உதவி இயக்குநர் பக்கத்தில் நின்று ப்ராம்ப்ட் பண்ணுவார், நடிகர் அப்படியே சொல்லி அழுவார். ஆனால் நான் பிறந்து வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில், உறவுக்குள் ஒருவர் இன்னொருவரிடம் ‘மன்னிச்சிரு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த வார்த்தை சீரியலுக்குச் சொந்தம்.

ஊரில் எப்படிச் சேர்கிறார்கள்? யாராவது ஒருவர் வாசல் மிதிக்க வேண்டும், ஆனால் இறங்கி வந்ததாகத் தெரியக் கூடாது. அதற்குத்தான் பத்திரிகை வைப்பது என்று ஒன்று இருக்கிறது. தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், மேலே பத்திரிகை. கையில் தட்டு இருந்தால் நீங்கள் சமாதானத்துக்கு வந்தவர் இல்லை, விசேஷத்துக்குச் சொல்ல வந்தவர். எடுத்துக்கொள்கிறவரும் தோற்றவர் இல்லை. சீரியலில் அண்ணன் தங்கைச் சண்டை ஏன் காதுகுத்தில் தீர்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. அண்ணன் வந்தே ஆக வேண்டும், தங்கை கூப்பிட்டே ஆக வேண்டும். ரெண்டு பேரின் வீம்புக்கும் ஊர்வழக்கம் ஒரு போர்வை போர்த்திவிடுகிறது. எங்கள் பக்கம் பேச்சு முறிந்தவர்கள்கூட வேறு ஆள் கையில் மொய்ப்பணம் கொடுத்து அனுப்புவார்கள். நோட்டில் பெயர் ஏறிவிடும். ‘நேரில் வரவில்லை, ஆனால் அறுந்துவிடவில்லை’ என்று அர்த்தம். அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிற மனுசருக்கு அது புரியும்.

பிரச்சினை என்னவென்றால் அண்ணன் தம்பிக்கு நடுவே இப்படிப் போர்வை குறைவு. பங்காளிகள். பிறந்த வீட்டுக் கோடித் துணி மாதிரி, தாய்மாமன் சீர் மாதிரி ஒருவர் இல்லாமல் இன்னொருவருக்கு ஆகாது என்கிற கட்டாயம் சாவு வீட்டில்தான் முழுசாக வரும். ‘நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்’ என்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்றுதான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் அவரை எழுந்து போகச் சொல்லி நச்சரிக்காதீர்கள். பதினோரு வருடத்தில் அவரே ஆயிரம் தடவை மனசுக்குள் போய் வந்திருப்பார். உங்களுக்கும் அந்த வீட்டு அக்காவுக்கும் பேச்சு இருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இருக்கிறது என்றால், ரேஷன் கடையிலோ குழாயடியிலோ பார்க்கும்போது ‘அன்னிக்கு ஜீவா வந்த சீன் பாத்து இவரு அழுதாரு’ என்று சும்மா சொல்லி வையுங்கள். வேறு எதுவும் வேண்டாம், வரப்பைப் பற்றி மூச்சு விடாதீர்கள். அந்த அக்கா ராத்திரி சோறு போடும்போது அதை அங்கே சொல்வாரா மாட்டாரா என்பது நம் கையில் இல்லை. வரப்பை அளக்க சர்வேயர் இருக்கிறார், அது தனிக் கதை. ரெண்டையும் ஒரே நாளில் பேசினால் ரெண்டுமே நடக்காது.

வேலூரில் இருந்து: எல்லாருமே ஆஸ்பத்திரி வராண்டாவில்தான் சேர்கிறார்கள். வேறு இடமே கிடைக்காதா?

ஐ.சி.யூ. கதவுக்கு வெளியே நாற்காலி நாலுதான் இருக்கும். விரோதிகள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். தவிர, பச்சைத் துணி கட்டி ஒரு கட்டில் போட்டால் எந்த வீட்டு ரூமும் ஆஸ்பத்திரி ஆகிவிடும்.

சென்னை, அம்பத்தூரில் இருந்து: ஊரார் வீட்டுச் சண்டையை எல்லாம் எழுதினீர்களே, உங்கள் வீட்டில் உண்டா? நீங்கள் யாரோடாவது பேசாமல் இருந்திருக்கிறீர்களா?

மூன்று வருடம். என் தங்கையோடு.

அவள் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவள். புதிதாகக் கல்யாணமாகிப் போன சமயம், மாமியார் வீட்டில் கொஞ்சம் உரசல். ராத்திரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாள். ஒரு நாள் சொன்னாள்: “கறிவேப்பிலையவாச்சும் குழம்புல போட்டுட்டுத்தானக்கா தூக்கி எறிவாங்க. இங்க என்னைய போடவே மாட்டேங்குறாங்க.” போனை வைத்ததும் என் கை என்ன செய்தது தெரியுமா? பக்கத்திலிருந்த பால் கணக்கு நோட்டில் அதை எழுதிக்கொண்டது. அவளுக்காக வருத்தப்பட்டது அதற்கப்புறம்தான்.

நாலு மாதம் கழித்து ஒரு தொடரில் கதாநாயகி மாமியாரைப் பார்த்து அதையே சொன்னாள். செட்டில் கை தட்டினார்கள் என்று டைரக்டர் போன் செய்தார். ராஜபாளையத்தில் அன்று ராத்திரி என் தங்கையின் மாமியார், நாத்தனார், கணவர் எல்லோரும் டி.வி. முன்னால். அவள் அந்த வாக்கியத்தை அந்த வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு சண்டையில் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. மாமியார் ஒன்றும் பேசவில்லையாம். திரும்பி இவளை ஒரு பார்வை பார்த்தாராம், அவ்வளவுதான். மறுநாள் எனக்கு போன் வந்தது. “என் வாயில இருந்து எடுத்து வித்துட்டியேக்கா” என்றாள். வைத்துவிட்டாள்.

நான் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. தீபாவளிக்குப் புடவை அனுப்பினேன், அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தது. வசனம் எழுதிச் சம்பாதித்தவள், எனக்கு ஒரு வசனமும் உதவவில்லை.

மூன்றாம் வருடம் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டி வருவது என்று முடிவாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை ஒழிக்க வேண்டி வந்தது. ரெண்டு பேரும் போய்த்தான் தீர வேண்டும். பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கினோம். பேச்செல்லாம் அம்மா வழியாக. “அம்மா, குத்துவிளக்கு அவளுக்கு வேணுமான்னு கேளு.” “வேண்டாம்னு சொல்லும்மா. அந்த அண்டா எனக்குன்னு சொல்லு.” ரெண்டு பேரும் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அம்மா பாவம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி அதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுத்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

உள்ளே சத்தமே இல்லை. என் தங்கை முறுக்கு அச்சுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு வில்லையாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். “அம்மா...” என்று தொடங்கியவள் திண்ணையை எட்டிப் பார்த்தாள். குறட்டை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒத்தக்கண்ணு வில்லையக் காணோம். நீ எடுத்துட்டுப் போனியா?”

“நான் எடுக்கல.”

“நீதான் எடுத்திருப்ப.”

“எடுக்கலங்கறேன்ல. அந்த டப்பாவுக்குள்ள பாரு.”

“பாத்துட்டேன். நீயும் வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். பரண் முழுக்கத் துழாவினோம். சாயங்காலம் அம்மா எழுந்து வந்தபோது நாங்கள் ரெண்டு பேரும் தலையெல்லாம் ஒட்டடையாக, யார் எப்போது கடைசியாக முறுக்கு சுட்டது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தக் கேள்வி வந்ததும் அவளுக்கு போன் செய்து, இதை எழுதலாமா என்று கேட்டேன். அந்தப் பழக்கம் இப்போது வந்துவிட்டது. “கறிவேப்பிலையத்தான் என்னைக்கோ வித்துட்டியே, எழுதிக்கோ. ஆனா வில்லைய எடுத்தது நீதான்னும் எழுதணும்” என்றாள்.

நான் எடுக்கவில்லை.